பதின்மூன்றாம் இடத்துக்கும் ஆட்டம் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

19 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பைக் கூடைப்பந்து பற்றித் தங்கள் கடந்த இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். 2025இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா ஜெர்மனியை 109–76 என்ற கணக்கில் வென்றதைச் சுவையாக விவரித்த கட்டுரையாளர், கால் இறுதிக்கு வராத அணிகள் ஒன்பதாம் இடத்துக்கும் பதின்மூன்றாம் இடத்துக்கும் மோதுவது வீண் வேலை என்றும், அந்த ஆட்டங்களை நிறுத்திவிடலாம் என்றும் போகிற போக்கில் எழுதிவிட்டார். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

கணக்கைப் பார்ப்போம். போட்டியில் 16 அணிகள், மொத்தம் 56 ஆட்டங்கள். அவற்றில் 24 பிரிவுச் சுற்றைச் சேர்ந்தவை. வெண்கலத்துக்கான ஆட்டம் உட்படப் பதக்கத்தை நோக்கிச் செல்பவை 16. எஞ்சிய 16 இட நிர்ணய ஆட்டங்கள். அவற்றில் கால் இறுதிக்கு வராத அணிகள் ஆடும் 12 ஆட்டங்களைத்தான் கட்டுரையாளர் வெட்டச் சொல்கிறார். அவற்றை நீக்கினால், முந்தைய ஆண்டே தன் கண்டத்துப் போட்டியில் போராடித் தகுதி பெற்று, மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து வந்த ஓர் அணி, பிரிவுச் சுற்றில் மூன்று, அடுத்த சுற்றில் ஒன்று என நான்கே ஆட்டங்களில் மூட்டை கட்ட நேரிடும். இப்போது எந்த அணியும் ஏழு ஆட்டங்கள் ஆடாமல் ஊர் திரும்புவதில்லை. வேறு கண்டத்து அணிகளைச் சந்திக்கும் வாய்ப்பே அரிதாக வாய்க்கும் நாடுகளுக்கு, நான்குக்கும் ஏழுக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரிது. 2019இல் ஆப்பிரிக்காவிலிருந்து முதன்முறையாக இந்த இறுதி ஆட்டத்துக்கு வந்த மாலி, அமெரிக்காவிடம் 93–79 என்று தோற்றாலும் அனைவரையும் நிமிர்ந்து பார்க்க வைத்தது. அத்தகைய அணிகள் உருவாவதற்கு இந்தக் கூடுதல் ஆட்டங்களும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

இட நிர்ணய ஆட்டம் என்பது பலவீனமான அணிகளின் தலையெழுத்து மட்டுமல்ல. 2011இல் லாட்வியாவின் ரீகா நகரில் அமெரிக்கா கால் இறுதியில் ரஷ்யாவிடம் தோற்று ஐந்தாம் இடத்தில்தான் முடித்தது. பின்னாளில் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வில் ஆடிய ஜெரமி லாம்பும் டக் மெக்டெர்மட்டும் இருந்த அணி அது. கோப்பை கைநழுவிய மறுநாளும் காலணி கட்டிக்கொண்டு களமிறங்க வேண்டும் என்பதைப் பதினெட்டு வயதில் கற்பது சிறிய விஷயமா? தவிர, பன்னிரண்டு பேர் கொண்ட அணியில் பத்தாவது, பதினோராவது வீரருக்குப் பயிற்சியாளர் துணிந்து நீண்ட நேரம் கொடுப்பது பெரும்பாலும் இத்தகைய ஆட்டங்களில்தான்.

ஒன்பது நாட்களில் ஏழு ஆட்டங்கள் என்பது வளரும் உடல்களுக்குப் பெரும் சுமை என்ற வாதத்தை அவர் முன்வைத்திருந்தால் நான் பாதி வழி அவரோடு நடந்திருப்பேன். ஆனால் அதற்குத் தீர்வு ஆட்ட நாட்களை விரிப்பதே. ஆட்டங்களைக் குறைத்தே தீரவேண்டும் என்றால், எந்த அணியையும் வெளியேற்றாமல், அடுத்த சுற்றில் யாருக்கு யார் எதிரி என்பதை மட்டுமே முடிவு செய்யும் பிரிவுச் சுற்றிலிருந்து தொடங்கலாம். அதைக்கூடச் சற்றுத் தயங்கியே சொல்கிறேன்: 1987இல் இத்தாலியின் போர்மியோவில் யூகோஸ்லாவியாவின் டோனி குகோச் அமெரிக்காவுக்கு எதிராகப் தான் எறிந்த பன்னிரண்டு ‘மூன்று புள்ளி’ வீச்சுகளில் பதினொன்றைக் கூடைக்குள் போட்டது இறுதி ஆட்டத்தில் அல்ல, பிரிவுச் சுற்றில்தான். அதே அமெரிக்காவை இறுதியிலும் யூகோஸ்லாவியா வென்றது என்பது வேறு கதை.

ஐரோப்பாவின் இளையோர் போட்டிகளில் கடைசி இடங்களைப் பிடிக்கும் அணிகள் மறு ஆண்டு இரண்டாம் நிலைப் பிரிவுக்கு இறக்கப்படுகின்றன என்பதையும் கட்டுரையாளர் கருத்தில் கொண்டிருக்கலாம். அங்கே பதின்மூன்றாம் இடத்துக்கான போராட்டம் சில வேளைகளில் அரையிறுதியைவிடக் கடுமையாக இருக்கும்.

அடுத்த உலகக் கோப்பையின்போது பதக்கம் வென்ற மூன்று அணிகளோடு நிறுத்தாமல், பதினாறு அணிகளின் இடங்களையும் கடைசி நாள் ஆட்டங்கள் எல்லாவற்றின் புள்ளிகளையும் ஒரு சிறு பெட்டியிலாவது வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்