எம்.பி.யைச் சந்திக்கிறோம்: ஜனவரி 24, சனிக்கிழமை காலை 10 மணி

எல்லாருக்கும் வணக்கம், ஸலாம், ஸ்தோத்திரம்.

பாளையங்கோட்டையில் நேரம் கிடைத்துவிட்டது. கோயில், பள்ளிவாசல், சர்ச் மூன்று பக்கத்து ஆட்களும் சேர்ந்தே போகிறோம். பிப்ரவரி 1 மத்திய பட்ஜெட். காலநிலைக்கான பணத்தில் கை வைக்காதீர்கள் என்று அதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு போய் நின்று பிரயோஜனம் இல்லை.

முக்கியக் கோரிக்கை ஒன்றுதான். வெள்ளம், வறட்சி போன்ற பாதிப்புகளுக்கு முன்கூட்டியே தயாராக மத்திய அரசு பணம் கொடுப்பதற்காக 2015-ல் தொடங்கிய தேசிய காலநிலை மாற்றத் தகவமைப்பு நிதி 2022 நவம்பரில் தனித் திட்டம் என்ற நிலையை இழந்தது. அதை மீண்டும் தனித் திட்டமாக்கிப் பணம் ஒதுக்க வேண்டும்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதை அவரிடம் யாராவது சொல்லுங்கள். தாமிரபரணி ஆற்றுக்குள் இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்குவது நமக்குப் பழக்கம்தான், ஆனால் அன்றைக்கு நெல்லை ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டும் கலெக்டர் ஆபீஸும் அல்லவா தண்ணீரில் நின்றன! வெள்ளம் வடிந்த பிறகு நிவாரணம் கேட்பது வேறு, குளத்துக்கரையையும் கால்வாயையும் முன்கூட்டியே பலப்படுத்தப் பணம் கேட்பது வேறு. நாம் கேட்பது இரண்டாவது.

கையெழுத்துத் தாள்களை ஜும்ஆ முடிந்தும், ஞாயிறு ஆராதனையிலும், சாயரட்சைக்குப் பிறகும் சுற்றுக்கு விடுங்கள். கட்சிப் பேச்சு வேண்டாம் அண்ணாச்சிமாரே, சொந்த மனுக்களும் அன்றைக்கு வேண்டாம். பேசுவது மூன்று பேர் போதும், அதில் ஒரு அக்கா கட்டாயம் இருக்கட்டும்.

வேனில் இடம் குறைவு. வருகிறவர்கள் வியாழன் ராத்திரிக்குள் இங்கேயே பெயர் போட்டுவிடுங்கள்.