படிப்புத் திட்டம் எழுதக் கல்லூரிகளே கற்றுத்தர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வெளிநாட்டுப் பல்கலைக்கழக உதவித்தொகைகள் குறித்து அண்மையில் வெளியான தொகுப்பைப் படித்தேன். எந்த நாடு, எந்தப் படிப்பு, கடைசி நாள் எது என்பவை தெளிவாகக் கொடுக்கப்பட்டிருந்தன. ஆனால் அந்த விண்ணப்பங்களில் பலவற்றின் தலையெழுத்தை முடிவு செய்கிற ஒரு தாளைப் பற்றி, அதாவது மாணவர்கள் ‘ஸ்டடி பிளான்’ என்று சொல்லும் படிப்புத் திட்டத்தைப் பற்றி, அதில் ஒரு வரியும் இல்லை. கடலூரில் அரசுக் கல்லூரி ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். விண்ணப்பத்தை ஒருமுறை பார்த்துத் தாருங்கள் என்று பழைய மாணவர்களும், சில வேளைகளில் அவர்களுடைய பிள்ளைகளும் இன்றும் என் வீட்டுக்கு வருவதுண்டு. அந்தத் தாள்களில் திரும்பத் திரும்பக் காணும் ஒரு குறையைப் பற்றியே இக்கடிதம்.

சிறுவயது முதலே தமக்கு அறிவியலில் ஆர்வம் உண்டு என்று அந்தத் தாள் தொடங்கும். தந்தை படும் பாடு, பத்தாம் வகுப்பில் பள்ளியில் பெற்ற இடம், கல்லூரியில் வாங்கிய சான்றிதழ்கள், நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆற்றிய தொண்டு ஆகியவை அடுத்தடுத்து வரும். உலகத் தரம் வாய்ந்த தங்கள் பல்கலைக்கழகத்தில் பயின்று தாய்நாட்டுக்குச் சேவை செய்வேன் என்று முடியும். அங்கே போய் என்ன படிக்கப் போகிறார், எதைக் கண்டறிய நினைக்கிறார், அதற்கு எத்தனை மாதம் ஆகும் என்பது பெரும்பாலும் கடைசிப் பத்தியில் ஒன்றரை வரியாக ஒடுங்கிக் கிடக்கும். மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நம் ஊரில் உதவித்தொகை என்றால் வருமானச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் வைத்து, குடும்ப நிலையை விளக்கி, வட்டாட்சியர் அலுவலகத்திலும் அறக்கட்டளை வாசலிலும் கேட்டுப் பெறுவதாகவே அவர்கள் சிறுவயது முதல் பார்த்து வருகிறார்கள். வெளிநாட்டு உதவித்தொகையும் அப்படிப்பட்டதே என்று எண்ணுவது இயல்புதான். அங்கே பெரும்பாலான குழுக்கள், இன்ன வேலையை இவரிடம் ஒப்படைத்தால் குறித்த காலத்துக்குள் செய்து முடிப்பாரா என்பதையே முதலில் பார்க்கின்றன. குடும்பத்தின் இல்லாமை அதற்கு விடையாவதில்லை.

விண்ணப்பப் படிவங்களைப் பொறுமையாகப் படித்தாலே இது விளங்கும். ஜப்பானிய அரசின் ஆய்வு மாணவர் உதவித்தொகைக்கான படிவம் மூன்று செய்திகளைக் கேட்கிறது: இதுவரை படித்த துறை, ஜப்பானில் ஆராய விரும்பும் பொருள், அதைச் செய்து முடிக்கும் திட்டம். புதிய துறை எதற்கும் தாவாமல், பட்டப்படிப்பில் பயின்ற துறையிலோ அதை ஒட்டிய துறையிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் அங்கே விதி. சீன அரசின் உதவித்தொகை அறிவிப்புகளில் படிப்புத் திட்டத்துக்குக் குறைந்தபட்ச அளவே உண்டு. இளநிலைக்கு 200 சொற்கள், பட்டமில்லாப் படிப்புகளுக்கு 500, முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் 800. 1925இல் தொடங்கப்பட்ட ஜெர்மனியின் ‘டாட்’ (DAAD) என்னும் கல்விப் பரிமாற்ற அமைப்பு, ஆய்வு உதவித்தொகை கேட்பவர்களிடம் ஆய்வு விளக்கத்தோடு கால அட்டவணையையும், அங்குள்ள பேராசிரியர் ஒருவரின் ஒப்புதல் மடலையும் எதிர்பார்க்கிறது. பிரிட்டனின் செவனிங் உதவித்தொகையில் தலைமைப் பண்பைப் பற்றியும் எழுதச் சொல்வார்கள் என்பது உண்மைதான். ஆனால் அங்கேயும் ஏன் அந்தப் படிப்பு, படித்த பிறகு என்ன வேலை என்பவை தனித்தனிக் கேள்விகள். ஒரே கட்டுரையை எழுதி வைத்துக்கொண்டு நாட்டின் பெயரை மட்டும் மாற்றி எல்லா இடத்துக்கும் அனுப்புகிற பழக்கம் ஏன் பலனளிப்பதில்லை என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

தன்னைப் பற்றி எவ்வளவு சொல்வது, தன் வேலையைப் பற்றி எவ்வளவு சொல்வது என்பதற்கு நம் மாவட்டத்தோடு தொடர்புடைய முன்னுதாரணம் ஒன்று உண்டு. 1910இல் வேலை தேடி அலைந்த ராமானுஜன், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த திருக்கோவிலூருக்குச் சென்று, அங்கே துணை ஆட்சியராக இருந்த வி. ராமசாமி ஐயரைச் சந்தித்தார். 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர் அந்த ஐயர். ராமானுஜன் கேட்டது குமாஸ்தா வேலை. எடுத்துச் சென்றது தம் கணித நோட்டுப் புத்தகம். அதைப் புரட்டிப் பார்த்தவர், வருவாய்த் துறையின் அடிமட்ட வேலையில் இவரை முடக்க மனம் வராமல், சென்னையிலுள்ள கணித அன்பர்களிடம் அனுப்பி வைத்தார். பின்னர் 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜிலிருந்த கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்திலும் அதே முறைதான். சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளத்தில் எழுத்தராக இருக்கிறேன், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்று தம்மைப் பற்றிச் சில வரிகளில் முடித்துவிட்டு, பக்கம் பக்கமாகத் தேற்றங்களை இணைத்தார். தாம் ஏழை என்பதைக் கடிதத்தின் முடிவில், தேற்றங்களை வெளியிட உதவி கேட்கும் இடத்தில்தான், அரை வாக்கியமாகச் சொன்னார். அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியபோது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு அறிக்கை தர வேண்டும் என்று கேட்டது. எல்லோரும் ராமானுஜன் ஆகிவிட முடியாது என்று யாரும் எனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அவருடைய மேதைமைக்காக இதைச் சொல்லவில்லை. எது முதலில், எது கடைசியில் என்ற வரிசைக்காகவே சொல்கிறேன்.

நல்ல திட்டத்தின் உயிர் ஒரு கேள்வியில் இருக்கிறது. அந்தக் கேள்வியைத் தேடி நம் மாணவர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை என்பது என் எண்ணம். புதுச்சேரியில் 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. நம் கரையோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்வதால், சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே நகரத்துக் கடற்கரை மணலை இழந்து, பாறாங்கற்களைக் கொட்டிக் காக்க வேண்டிய நிலைக்கு வந்தது. கடலூரிலும் புதுச்சேரியிலும் மீனவக் கிராமங்கள் தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்சுவர்) கேட்டுப் போராடுவதைத் தங்கள் நாளிதழே அடிக்கடி வெளியிடுகிறது. இதையெல்லாம் கண்ணால் பார்த்து வளர்ந்த கட்டடப் பொறியியல் மாணவர் ஒருவர், தம் திட்டத்தில் “கடலரிப்பு குறித்து ஆராய விரும்புகிறேன்” என்று மட்டும் எழுதினால், அதைப் படிப்பவருக்கு எதுவும் கிடைக்காது. தேவனாம்பட்டினம் முதல் தாழங்குடா வரையிலான கரை ஒவ்வொரு பத்தாண்டிலும் எந்தப் பக்கம், எவ்வளவு நகர்ந்திருக்கிறது, ஒரு தூண்டில் வளைவு அமைத்தால் அதன் வடக்கே உள்ள அடுத்த ஊருக்கு என்ன நேரும் என்று கேட்டாரானால், அது ஓர் ஆய்வுக் கேள்வி. அதற்குச் சான்று எங்கே கிடைக்கும் என்பதையும் அவரே சொல்ல முடியும். லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் படங்கள் 1972 முதல் இருக்கின்றன. 2008 முதல் அவை யாருக்கும் இலவசம். இந்தியக் கடற்கரை முழுவதற்கும் கரைமாற்ற வரைபடங்களைச் சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் வெளியிட்டிருக்கிறது. இவற்றை விண்ணப்பிக்கும் முன்பே ஒருமுறை திறந்து பார்த்தவர் எழுதும் பத்திக்கும், பார்க்காதவர் எழுதும் பத்திக்கும் உள்ள வேறுபாடு முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

ஏன் அந்த நாடு என்ற கேள்விக்கும் இப்படிப்பட்ட கேள்வியிலிருந்தே விடை பிறக்கிறது. நெதர்லாந்தில் தி ஹேக் நகருக்கு அருகே 2011இல் ஏறத்தாழ 2 கோடியே 15 லட்சம் கன மீட்டர் மணலை ஒரே இடத்தில் கொட்டி, அலையும் காற்றும் அதைக் கரையெங்கும் தாமே பரப்பட்டும் என்று விட்டிருக்கிறார்கள். கல் கொட்டாமல் கரையைக் காக்கும் அந்த முயற்சியை ஆண்டுக்கணக்கில் அளந்துவரும் ஆய்வாளர்கள் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள். அங்கே ஏன் போக வேண்டும் என்பதற்கு இதைவிட நேரான காரணம் இருக்க முடியாது. உலகத் தர வரிசையில் அந்தப் பல்கலைக்கழகம் எத்தனையாவது இடம் என்பதைத் திட்டத்தில் எழுதும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பல்கலைக்கழகத்தாருக்கு அது தெரியாதா என்ன?

கால அட்டவணையை ஒப்புக்கு எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. முதல் ஆறு மாதம் நூல்களைப் படித்தல், அடுத்த ஆறு மாதம் தரவு சேகரித்தல், அதற்கடுத்த ஆறு மாதம் பகுப்பாய்வு என்று சமமாகப் பங்கு போட்டுவிடுகிறார்கள். நம் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை; புயல் சின்னம் உருவானால் எந்தப் படகும் கரையை விட்டு நகராது. ஆகவே பரங்கிப்பேட்டைக்கு எதிரே கடலில் மாதிரி எடுக்க விசைப்படகை நம்பியிருக்கும் மாணவர் அதை மே மாதத்தில் வைத்தால், அந்த அட்டவணை தொடங்கும் முன்பே உடைந்துவிடும். இன்னொரு பக்கம், ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலிலும் ஜெர்மனியில் குளிர்காலப் பருவம் அக்டோபரிலும் தொடங்குகின்றன. இரண்டு ஊர்களின் பஞ்சாங்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்து, ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில்தான் களப்பணி முடியும் என்று காரணத்தோடு எழுதியிருந்தால், இவர் வேலையறிந்தவர் என்ற நம்பிக்கை படிப்பவருக்குத் தானாக வரும். இரண்டு ஆண்டில் முடியாத ஒன்றை முடியும் என்று எழுதுவதைக் காட்டிலும், அதில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதுவது மேல்.

எழுதித் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பணம் கொடுத்தால் பிரவுசிங் சென்டரிலேயே ஒரு படிப்புத் திட்டம் கிடைக்கிறது. இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் பணமும் தேவையில்லை. நொடியில் வழுவழுப்பான ஆங்கிலத்தில் வந்துவிடுகிறது. பிழை திருத்த அவற்றைப் பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நேர்காணல் என்று ஒன்று இருக்கிற இடங்களில், திட்டத்திலுள்ள ஒரு சொல்லைச் சுட்டி, இந்த முறையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்கும்போது, அதை எழுதிய நிறுவனம் பக்கத்தில் இருக்காது. இதில் ஆசிரியர்களாகிய எங்கள் பங்கும் சிறிதன்று. பரிந்துரைக் கடிதம் கேட்டு வரும் மாணவரிடம் “நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்” என்று சொல்வது பல துறைகளில் நடைமுறையாகவே இருக்கிறது. விளைவாக, மாணவரின் திட்டமும் பேராசிரியரின் பரிந்துரையும் ஒரே நடையில், ஒரே பெயரடைகளோடு போய்ச் சேருகின்றன. ஆய்வகத்தில் அவர் செய்த ஏதாவது ஒரு வேலையை ஆசிரியர் நினைவிலிருந்து நான்கு வரி எழுதினால், அந்தப் பெயரடைகள் அனைத்தையும்விட அது பயன்படும்.

நம் அரசுகளே தரும் உதவித்தொகைகளும் இருக்கின்றன. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை பட்டியலினத்தவர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் முதலிய பிரிவுகளைச் சேர்ந்த மாணவர்களுக்கு உரியது. இதில் குடும்ப வருமானத்துக்கு வரம்பு உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் ஆகியவற்றைப் பற்றிய ஆய்வுக்கு இந்த உதவி இல்லை என்று 2022இல் விதி சேர்க்கப்பட்டது பலருக்குத் தெரியவில்லை. அந்த விதி நியாயமற்றது என்பது என் கருத்து. ஆயினும் கடலூரிலுள்ள புனித டேவிட் கோட்டையின் வரலாற்றை ஆராய நினைக்கும் மாணவர் திட்டம் எழுத உட்காரும் முன்பே அந்த ஆண்டின் வழிகாட்டுக் குறிப்பைப் படித்துவிட வேண்டும்.

கடலூர், புதுச்சேரி, சிதம்பரம் பகுதிகளிலுள்ள கல்லூரிகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். இறுதியாண்டு மாணவர்கள் எல்லோரும் எப்படியும் ஒரு திட்டப்பணி செய்கிறார்கள். அதன் தொடக்கத்தில், கேள்வி என்ன, சான்று எங்கே, எத்தனை மாதம், முன்பே யார் என்ன செய்திருக்கிறார்கள் என்ற நான்கையும் இரண்டு பக்கத்தில் முதலில் தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் எழுதச் செய்து, துறை ஆசிரியர்கள் முன்னிலையில் அரை மணி நேரம் கேள்வி கேட்கலாம். தமிழில் தெளிவாகச் சொல்ல முடியாத திட்டம் ஆங்கிலத்தில் தெளிவாகிவிடுவதில்லை என்பது என் அனுபவம். இதற்குத் தனி நிதியோ ஆணையோ தேவையில்லை. வெளிநாடு போகாத மாணவருக்கும் அந்தப் பயிற்சி வீண்போகாது. பல உதவித்தொகைகளுக்கு, படிப்பு தொடங்குவதற்கு ஓராண்டுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டியிருப்பதால், இதை ஜூலை, ஆகஸ்டிலேயே நடத்துவது நல்லது.

தங்கள் நாளிதழும் கல்விப் பக்கத்தில் கடைசி நாள்களின் பட்டியலோடு நிறுத்திக்கொள்ளாமல், உதவித்தொகை பெற்றுச் சென்ற மாணவர்களின் இசைவோடு அவர்களுடைய படிப்புத் திட்டங்களில் ஒன்றிரண்டையாவது, பெயர் விவரங்களை நீக்கி, தமிழில் முழுமையாக வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.