கேட்ட மாதிரி தலையாட்டியது

கண்ணம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். தம்பி வந்து போனான். மூன்று ஞாயிறாக உன் போன் இல்லை. வேலை அதிகமாக இருக்கும் என்கிறாள் அம்மா. இருக்கும்.

போன தடவை வந்தபோது என்னிடம் கத்திக் கத்தியே உனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கத்தாதே அம்மா. சத்தம் கேட்கிறது, வார்த்தைதான் பிடிபடுவதில்லை. காது சோதித்த பெண் தாளில் ஒரு கோட்டைக் காட்டினாள். வலப்பக்கம் போகப் போகச் சரிந்து கிடந்தது. கனத்த ஒலிகள் கேட்குமாம், கூரான ஒலிகள் போய்விட்டதாம். ஆ, ஓ எல்லாம் வந்து சேர்ந்துவிடும். ச, ஸ, ஃப வழியிலேயே உதிர்ந்துவிடும். நீ கத்தினால் அந்த 'ஆ'தான் இன்னும் பெரிதாகிறது. அன்று "சாவி எங்கே" என்றாய், நான் "ஆவியா?" என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்துவைத்தேன்.

முதலில் "அப்பா" என்று கூப்பிடு. நான் திரும்பிய பிறகு விஷயத்தைத் தொடங்கு. டிவியை அணைத்துவிடு, என் காது மெஷின் அதையும் உன் குரலையும் சேர்த்தே பெரிதாக்கும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் உன் முகம் இருட்டாகி உதடு தெரியாது. உதட்டையும் முழுக்க நம்ப முடியாதுதான், 'படம்' என்றாலும் 'மடம்' என்றாலும் ஒரே அசைவு. ஒரு வார்த்தை பிடிபடவில்லை என்றால் அதையே நாலு தடவை சொல்லாதே, வேறு மாதிரி சொல். "பூட்டைத் திறக்கணும்பா" என்றால் சாவி தானே வந்துவிடும். கத்த மட்டும் கத்தாதே.

கடைசி பெஞ்சுக்கும் புரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பாடம் நடத்துகிறாய் என்று உன் பிள்ளைகள் சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? அப்பாவுக்கு என்றால் மட்டும் "ஒண்ணுமில்ல, விடுங்கப்பா". அது மட்டும் எப்படியோ தெளிவாகக் கேட்டுவிடுகிறது.

இந்தப் பழைய லேண்ட்லைனில் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலான கூரான ஒலி போகாதாம். 'ஸ'வின் சீறலெல்லாம் பெரும்பாலும் அதற்கும் மேலே. இந்த போனை விடமாட்டேன் என்று அடம்பிடித்தவன் நான்தான்.

அன்று ராத்திரி அதில்தானே பேசினாய். ரொம்ப நேரம் பேசினாய். நடுவில் உன் குரல் கம்மியது. நான் "சரிம்மா, நல்லதும்மா" என்றேன். நீ சும்மா இருந்தாய், அப்புறம் வைத்துவிட்டாய்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, கண்ணம்மா. சொல்ல வெட்கம். அன்று மட்டுமில்லை, இரண்டு வருஷமாக இதே வேலைதான். கேட்ட மாதிரி தலையாட்டுவேன், சிரித்தால் சிரிப்பேன். அந்தத் தாளைக்கூட பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருந்தேன். அம்மாவுக்கே போன மாதம்தான் தெரியும். எதற்கு 'நல்லது' சொன்னேன் என்று மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா மொபைலுக்கு வீடியோவில் கூப்பிடு. வெளிச்சம் உன் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார்ந்துகொள். மாப்பிள்ளை வெளியே போன நேரமாக இருந்தாலும் சரி. அன்று சொன்னதை முதலிலிருந்து சொல். புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

அப்பா