ஆசாரி டும்பாக்களை மீட்க உங்கள் உதவி தேவை

அன்புடையீர், வணக்கம்.

நாகர்கோவில் வட்டாரத்தில் மெல்லிசைக் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஆசாரி டும்பாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். கோட்டாறு பக்கம் மரப்பட்டறை வைத்திருந்த ஓர் ஆசாரி, ஜன்னலும் கதவும் செய்த நேரம் போக, கையால் அடிக்கிற உயரமான காங்கோ டிரம் செய்து விற்றார். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாத்தியக்காரர்கள் எல்லாரும் "ஆசாரி டும்பா" என்றே சொன்னார்கள். இன்று அந்தப் பட்டறையும் இல்லை, ஆசாரியும் இல்லை. அவர் செய்த டும்பாக்கள் மட்டும் மாவட்டம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தேடிச் சேர்த்து, பழுது பார்த்து, வாசிக்கிற நிலையில் வைக்க வேண்டும் என்று முன்னாள் கச்சேரிக்காரர்கள் ஒன்பது பேர் சேர்ந்து ஆரம்பித்ததுதான் இந்தக் குழு.

டும்பா என்ற பெயரே ஒரு வேடிக்கை. கியூபாவில் இந்த வாத்தியம் மூன்று அளவில் வரும்: குயின்டோ, கொங்கா, தும்பா. தும்பா என்பது மூன்றில் பெரியதற்கு மட்டும் உள்ள பெயர். நாம் எல்லாவற்றுக்கும் அதையே வைத்துவிட்டோம். தோல் முகம் பொதுவாக 11, 11¾, 12½ அங்குலம். உயரம் கிட்டத்தட்ட 30 அங்குலம். பீப்பாய் கட்டுகிற மாதிரி வளைந்த பலகைகளை ஒட்டி, இரும்பு வளையம் போட்டு இறுக்குவார்கள். ஆப்பிரிக்காவின் கொங்கோ பகுதியிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் தங்கள் ஊர் மேளத்தின் நினைவில் கியூபாவில் உருவாக்கிய வாத்தியம் இது. 1962இல் அமெரிக்கா கியூபாவோடு வியாபாரத்தை நிறுத்தியதும் நியூயார்க் வாத்தியக்காரர்களுக்குக் கியூபா டிரம் கிடைக்காமல் போனது. மார்ட்டின் கோஹன் என்ற பொறியாளர் தானே செய்து பார்க்கத் தொடங்கி, 1964இல் லத்தீன் பெர்கஷன் நிறுவனத்தை ஆரம்பித்தார். நம் ஆசாரியின் கதையும் கொஞ்சம் அப்படித்தான். சினிமாப் பாட்டில் டும்பா கேட்கிறது, கச்சேரியில் அது வேண்டும், வெளிநாட்டு டிரம் வாங்க யாரிடமும் வசதி இல்லை. சென்னையிலிருந்து ஒருவர் இரவல் வாங்கி வந்த டிரம்மை இரண்டு நாள் பட்டறையில் வைத்து அளந்து பார்த்துவிட்டு, மூன்றாம் வாரம் ஒன்று செய்து கொடுத்தாராம்.

மரம் அயினி. வள்ளம் கட்டவும் வீட்டு உத்தரத்துக்கும் இந்தப் பக்கம் காலங்காலமாகப் பயன்பட்ட மரம். தண்ணீருக்கும் பூச்சிக்கும் எளிதில் அசையாது. அதனால்தான் நாற்பது வருஷம் கழித்தும் கட்டைகள் நிற்கின்றன. பலகை ஒட்ட வஜ்ஜிரம் காய்ச்சியிருக்கிறார். இரும்பு வளையமும் கொக்கி போல்ட்டும் கிரில் பட்டறையில் சொல்லிச் செய்தவை. ஆரம்பத்தில் செய்தவற்றில் போல்ட்டே கிடையாது. தோலைச் சுற்றிலும் ஆணி அடித்து இறுக்கியிருக்கிறார். சுருதி ஏற்றத் தீயில் காட்ட வேண்டும். தப்பு காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கியூபாவிலும் போல்ட் வருவதற்கு முன்னால் இதே வழக்கம்தான் இருந்தது.

டும்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். தச்சுப் பென்சிலால் ஓர் எண் எழுதியிருக்கும். எங்களிடம் உள்ளதில் சிறிய எண் 9. அது ஆணி அடித்த டும்பா. பெரிய எண் 143. எண்ணுக்கு மேலே ஓர் அடையாளமும் உண்டு. சிலவற்றில் பிள்ளையார் சுழி, சிலவற்றில் சிலுவை, தக்கலையில் கிடைத்த ஒன்றில் 786. எந்தக் குழுவுக்குப் போகிறதோ அதற்கேற்ற அடையாளம். வாங்கியவர்களில் பலருக்கு இப்படி ஒன்று உள்ளே இருப்பதே தெரியாது. காட்டியபோது ஒருவர் டார்ச்சை அணைக்கவே விடவில்லை.

இதுவரை 11 டும்பாக்களைக் கண்டுபிடித்திருக்கிறோம். ஐந்தை விலைக்கு வாங்கினோம், இரண்டு சும்மா கிடைத்தன. நான்கு இன்னும் உரியவர்களிடமே இருக்கின்றன. கிடைத்த இடங்களைச் சொன்னால் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். ஒன்று டீக்கடையில் ஸ்டூலாக இருந்தது. ஒன்றில் தோலைக் கிழித்துவிட்டுக் குரோட்டன்ஸ் வைத்திருந்தார்கள். "சும்மா எடுத்துட்டுப் போங்க" என்ற ஒருவர், குழு அமைத்துத் தேடுகிறோம் என்று தெரிந்ததும் எட்டாயிரம் கேட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை, நாங்கள்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும்.

எங்கள் தவறு ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம், காசு கேட்கிறோம் அல்லவா. முதல் டும்பா வந்தது ஆடிச் சாரலில். தோல் தொங்கிப் போயிருந்தது. பழைய பழக்கத்தில் மத்தியான வெயிலில் தூக்கி வைத்தோம். ஒரு மணி நேரத்தில் தோல் இறுகி நல்ல நாதம் வந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் இரண்டு பலகைக்கு நடுவே விரல் நுழையும் அளவுக்கு விரிசல். வருஷக்கணக்கில் ஈரத்தில் கிடந்த கட்டையை ஒரே நாளில் காயவைத்தால் அப்படித்தான் ஆகும். ஆசாரியிடம் உதவியாளாக இருந்து, இன்று எழுபதைத் தாண்டிவிட்ட பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். எங்களை ஒரு பாட்டம் திட்டினார். பிறகு வளையத்தைக் கழற்றி, நிழலில் மூன்று வாரம் ஆறப்போட்டு, வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்டிக் கொடுத்தார். இப்போது எல்லா வேலையும் அவர் கையில்தான். இந்த வேலை தெரிந்தவர் எங்களுக்குத் தெரிய அவர் ஒருவர்தான் மிச்சம். நாங்கள் அவசரப்படுவதற்கு முதல் காரணமே அதுதான்.

இரண்டாவது காரணம் மழை. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. வருஷத்தில் இரண்டு தடவை ஈரம் ஏறி இறங்கும். தோலும் இரும்பும் அதைத் தாங்காது. மாட்டுத் தொழுவத்திலும் மொட்டைமாடிக் கொட்டகையிலும் கிடப்பவை இன்னும் எத்தனை மழைக்கு நிற்கும் என்று தெரியாது.

பட்டறை ஏன் நின்றது என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். 1985இல் ரோலண்ட் ஆக்டாபேட் என்ற மின்னணுத் தாளக் கருவி வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நம்மூர் மேடைக்கும் பேட் வந்து சேர்ந்தது. ஒரே ஆள் தபலா, டோலக், டும்பா எல்லாவற்றையும் இரண்டு குச்சியால் தட்டிவிடலாம். வேனில் இடமும் மிச்சம். அதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது, எங்களில் நான்கு பேர் பேட் வாசித்துத்தான் பிள்ளைகளைப் படிக்கவைத்தோம். ஆனால் பழுது பார்த்த 57ஆம் எண்ணை முதல் தடவை அடித்த எங்கள் மூத்தவர், பத்து நிமிஷத்தில் கையை உதறிக்கொண்டு, "வலிக்கிடே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வலிக்கணும்லா" என்று மறுபடி உட்கார்ந்தார்.

சரி, கணக்குக்கு வருவோம். இதுவரை ஆன 64,000 ரூபாய் எங்கள் ஒன்பது பேரின் கைக்காசு. இனி 1,60,000 ரூபாய் தேவை. மீதி நான்கு டும்பாக்களை வாங்க 32,000. ஒன்பது டும்பாக்களுக்குப் புதுத்தோல், ஒன்றுக்கு 2,500 வீதம் 22,500. பதனிட்ட தோல் இதற்கு உதவாது, பச்சைத்தோல்தான் வேண்டும். துருப்பிடித்த வளையங்களையும் மரை தேய்ந்த போல்ட்டுகளையும் மாற்ற 27,000. தரையில் படாமல் வைக்க மரத் தட்டு அடித்து, கரையான் மருந்து தெளிக்க 38,500. பெரியவர் வேலை செய்வதை முழுதாக வீடியோ எடுக்கவும், ஒவ்வொரு டும்பாவின் நாதத்தையும் பதிவு செய்யவும் 40,000. இந்தக் கடைசிச் செலவு ஆடம்பரம் என்று குழுவிலேயே இருவர் நினைக்கிறார்கள். மற்ற ஏழு பேருக்கு அதுதான் முக்கியம்.

வைக்க இடம் கிடைத்துவிட்டது. அன்பர் ஒருவர் தன் வீட்டு முன்னறையை வாடகையில்லாமல் தந்திருக்கிறார். கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைக்கப் போவதில்லை. ஞாயிறு மாலையில் யார் வந்தாலும் அடித்துப் பார்க்கலாம். மோதிரத்தைக் கழற்றிவிட்டு வந்தால் போதும். உள்ளூர்க் குழுக்கள் திருவிழாவுக்குக் கேட்டால் இரவலாகக் கொடுப்போம், வேனில் படுக்கவைத்து மேலே ஸ்பீக்கர் ஏற்ற மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால்.

நூறு ரூபாயானாலும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வோம், ரசீது தருவோம். நன்கொடைக்கு வருமான வரிவிலக்கு பெறும் வசதி எங்களுக்கு இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவை அறை வாசலில் ஒட்டுவோம், வெளியூர் அன்பர்களுக்கு அனுப்பியும் வைப்போம். பணமாகத்தான் தர வேண்டும் என்பதில்லை. வளைகுடாவிலும் மற்ற ஊர்களிலும் இருக்கும் நம் ஆட்கள், வீட்டுப் பரணில் ஏதாவது கிடக்கிறதா என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். டும்பா தெரிகிற பழைய மேடைப் போட்டோ இருந்தாலும் கொடுங்கள், நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவோம்.

வாங்க வேண்டிய நான்கில் ஒன்று குலசேகரத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் நிற்கிறது. எண் 31, சிலுவை போட்டது, கட்டையில் கீறல்கூட இல்லை. உரியவர் விலையைக் குறைக்க மாட்டார், ஆனால் வேறு யாருக்கும் கொடுக்கவும் மாட்டார். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது வீட்டுக்காரி தூக்கி வெளியே போட்டுவிடுவாள், அதற்குள் வந்துவிடுங்கள் என்கிறார்.

இப்படிக்கு,
ஆசாரி டும்பா மீட்புக் குழுவினர்,
நாகர்கோவில்