எட்டு நாற்காலிக் கடையை விட்டுவிடுங்கள்

ஜப்பானுக்குக் குழுக் குழுவாக ஆள் கூட்டி வரும் சுற்றுலா அமைப்பாளர்களுக்கும், அவர்களோடு கேமராவும் கையுமாக வரும் நண்பர்களுக்கும்,

வணக்கம்.

எந்தக் கடையைப் பற்றிச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் பதினோரு பேராக அங்கே போய்ச் சாப்பிட்டு எடுத்துப் போட்ட வீடியோ அது, அதன் கீழே வரைபட இணைப்பைப் போட்டதும் நீங்கள்தான். அதனால் கடையின் பெயரை எழுதி இன்னும் நாலு பேருக்கு நானும் வழிகாட்டப் போவதில்லை. டோக்கியோவின் கிழக்குக் கோடி, எதோகாவா வட்டாரம், வயதான ஒரு தம்பதி எட்டு நாற்காலி போட்டு நடத்தும் ராமென் கடை, அதாவது சூடான சூப்பில் நூடுல்ஸ் போட்டுத் தரும் கடை. இது போதும்.

நான் கேட்பது ஒன்றுதான். இந்த மாதிரிக் கடைகளை உங்கள் பயணத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். தனியாக வாருங்கள், ஜோடியாக வாருங்கள், வயிறாரச் சாப்பிடுங்கள். பதினோரு பேரைக் கூட்டி வராதீர்கள்.

அன்று நான் கோடி நாற்காலியில் இருந்தேன். உங்கள் வீடியோவில் என் முழங்கை தெரிகிறது. மதியச் சாப்பாட்டு நேரம். வாசலை ஒட்டியே டிக்கெட் மெஷின் இருக்கிறது. காசைப் போட்டு, பட்டனை அழுத்தி, வரும் சீட்டைக் கல்லாவில் இல்லாமல் நேராகச் சமைப்பவரிடமே கொடுக்க வேண்டும். உங்கள் குழுவில் ஒருவர் அதற்குள் பத்தாயிரம் யென் நோட்டைத் திணித்துக்கொண்டே இருந்தார். அது ஆயிரம் யென் நோட்டு மட்டும் வாங்கும் பழைய மெஷின். 2024 ஜூலையில் புது நோட்டுகள் வந்தபோது அதற்கு ஏற்ப மாற்றவே சின்னக் கடைக்காரர்கள் திண்டாடினார்கள். புது மெஷின் என்றால் பத்து லட்சம் யென் அளவுக்கு ஆகும். அவர் திணிக்க, மெஷின் துப்ப, பின்னால் வரிசை தெருவுக்குப் போய்விட்டது. கடைசியில் எடுத்தது நாலு சீட்டு. ஆட்கள் பதினோரு பேர்.

ஆறு பேர் உட்கார்ந்தீர்கள், ஐந்து பேர் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்றீர்கள். பங்கு போட்டுக்கொள்ளக் காலிக் கிண்ணம் கேட்டீர்கள். கடைக்கார அம்மா இரண்டு கொண்டுவந்து கொடுத்தார். இன்னும் மூன்று கேட்டீர்கள். அப்புறம் கவுண்டர்மேல் ஒரு ட்ரைபாட் ஏறியது. நூடுல்ஸ் சூப்பில் விழுந்த நிமிடத்திலிருந்து ஊறிக்கொண்டே இருக்கும், சூட்டோடு உறிஞ்சிவிட வேண்டும். நீங்கள் ஆவி பறப்பதை மூன்று கோணத்தில் எடுத்து முடிப்பதற்குள் ஆவியே நின்றுவிட்டது. பிறகு ஒரு பையிலிருந்து தக்காளித் தொக்கு வந்தது. அதை நான் குறை சொல்லவில்லை, தொக்கு யாருக்குத்தான் பிடிக்காது. ஆனால் விடிவதற்கு முன்பே எழுந்து எலும்பையும் காய்ந்த மத்தியையும் கொதிக்கவைத்த மனிதர் இரண்டடி தூரத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே மழை. தினமும் வரும் டாக்சி ஓட்டுநர் ஒருவர் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், போய்விட்டார். அவருக்குப் பின்னால் நின்ற கட்டட வேலைக்காரர்கள் இரண்டு பேரும் போனார்கள்.

இந்தக் கடைகளின் கணக்கு தெரிந்தால் இப்படி வந்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஒருவர் உட்கார்ந்து எழுந்திருக்கக் கால் மணி நேரம், மிஞ்சினால் இருபது நிமிடம். அந்த நாற்காலி மதியத்துக்குள் எத்தனை முறை காலியாகி நிறைகிறது என்பதில்தான் வாடகையும் மாவும் கேஸும் அடங்கியிருக்கின்றன. விலையை ஏற்றித் தப்பிக்கலாம் என்றால் அதுவும் முடியாது. ராமென் ஆயிரம் யென்னைத் தாண்டினால் ஜப்பானியர் முகம் சுளிப்பார்கள். ‘ஆயிரம் யென் சுவர்’ என்று அதற்குப் பேரே வைத்திருக்கிறார்கள். நிறுவனங்களின் நிலையை ஆராயும் டெய்கோகு டேட்டாபேங்க் கணக்குப்படி 2024இல் மட்டும் 72 ராமென் கடை நிறுவனங்கள் திவாலாகின. அதற்கு முன் எந்த ஆண்டிலும் அவ்வளவு இல்லை. ஓசையில்லாமல் ஷட்டரை இறக்கிவிட்டுப் போனவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ஆறு நாற்காலியை நாலு கிண்ணத்துக்கு முக்கால் மணி நேரம் பிடித்து வைப்பது உங்களுக்கு ஒரு ‘அனுபவம்’. அவர்களுக்கு அன்றைய மதியமே போயிற்று.

சரி, அவர்கள் பாடு அவர்களுக்கு என்று நீங்கள் சொல்லலாம். என் பாட்டையும் கேளுங்கள்.

போன வாரம் போனேன். வாசலில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. மூன்று பேருக்கு மேல் அனுமதியில்லை, ஒருவருக்கு ஒரு கிண்ணம், வீடியோ கூடாது. நியாயம்தான் என்று கதவைத் தள்ளினேன். அந்த அம்மா என்னைப் பார்த்தவுடன் கல்லாப் பக்கத்திலிருந்து லேமினேட் செய்த ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். ஆங்கிலத்தில் அதே மூன்று வரி. பக்கத்தில் கேமராவின்மேல் சிவப்புப் பெருக்கல் குறி. வருஷக்கணக்காக நான் உள்ளே நுழைந்தாலே கேட்காமல் தண்ணீர் வைத்து, வெங்காயத்தாள் கூடப் போட்டுத் தருகிறவர். அன்று அவர் பார்த்தது என்னை இல்லை, என் நிறத்தை. நான் ஜப்பானிய மொழியில் பேசியதும்தான் அடையாளம் தெரிந்தது. அட்டையை ஏப்ரனுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார். அவித்த முட்டை ஒன்று கூடுதலாக வந்தது. அதை விழுங்கவே கஷ்டமாக இருந்தது.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த அட்டையை அச்சடிக்க வைத்தவர்கள்மேல் இருக்கிறது. இரண்டாயிரமாவது ஆண்டை ஒட்டி இங்கே வந்து இறங்கிய நம் கணினிக்காரர்கள் இதே வட்டாரத்து நிஷி கசாயில் ஒரு வாடகை வீடு பிடிக்கவே என்ன பாடுபட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். குப்பையை எந்தக் கிழமையில் எதைப் பிரித்துப் போடுவது, ராத்திரி எத்தனை மணிக்கு மேல் மிக்ஸி போடக்கூடாது என்று ஒவ்வொன்றாகக் கற்று, அக்கம்பக்கத்தில் மெல்ல மெல்ல சம்பாதித்த பெயர் இது. நீங்கள் அடுத்த ரயிலில் கியோட்டோ போய்விடுகிறீர்கள். அட்டை எங்களுக்குத்தான் நீட்டப்படுகிறது.

வீடியோவின் தலைப்பையும் பார்த்தேன்: ‘ஜப்பான்காரனையே மிரள வைத்த தமிழன்’. கடைக்காரர் மிரண்டார்தான், நான் மறுக்கவில்லை. கீழே ஆயிரக்கணக்கில் பூங்கொத்தும் கைதட்டலும். உள்ளூர் மக்கள் சாப்பிடும் உண்மையான கடை என்று விளம்பரம் செய்கிறீர்கள். உள்ளூர் மக்கள் மழையில் திரும்பிப் போனது மட்டும் வெட்டப்பட்டுவிட்டது. 2024இல் ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டவர் 3 கோடியே 68 லட்சம் பேர். அதில் இந்தியர்கள் 2 லட்சத்துக்கும் மேல். யென் விலை இறங்கிக் கிடக்கிறது, இன்னும் வருவார்கள். அத்தனை பேரும் உண்மையான கடையைத் தேடி எட்டு நாற்காலிக்குள் நுழைந்தால் அப்புறம் எங்கே இருக்கும் உண்மை?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன். மன்னிக்கவும். கேட்க வந்ததற்கு வருகிறேன்.

குழுவுக்கு ராமென் காட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதற்கென்றே இடம் இருக்கிறது. ஷின் யோகோஹாமாவில் 1994இல் திறந்த ராமென் அருங்காட்சியகம் கூட்டத்துக்காகவே கட்டியது. உடனடி நூடுல்ஸ் பிறந்த 1958ஆம் வருஷத்துத் தெருவை நிலத்தடியில் அப்படியே எழுப்பி, பல ஊர்க் கடைகளை அதில் வைத்திருக்கிறார்கள். ருசி பார்க்கச் சின்னக் கிண்ணமும் உண்டு. நாலு கடையில் நாலு விதம் சாப்பிடலாம், ஆசை தீரப் படமும் எடுக்கலாம்.

சைவக்காரர்களைக் கூட்டி வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தயவுசெய்து சாதாரணக் கடையில் ‘பன்றிக்கறியை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுங்கள்’ என்று கேட்காதீர்கள். கறி மேலே மிதக்கிற துண்டு மட்டும் இல்லை, சூப்பே அதுதான். சாம்பாரைக் காட்டிப் பருப்பை எடுத்துவிடு என்றால் நம் ஊர் மாஸ்டர் என்ன செய்வார்? டோக்கியோ ரயில் நிலையத்துக்குள்ளேயே டீஸ் தான்தான் என்று முழுச் சைவ ராமென் கடை இருக்கிறது. பால்கூடச் சேர்ப்பதில்லை. எள் மணக்கும் அந்தக் கிண்ணத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் நிம்மதியாகச் சாப்பிடலாம், பிறகு கேட்டு அதிர வேண்டியதில்லை.

ஆகவே, மறுபடியும் அதையேதான் கேட்கிறேன். அடுத்த பயணத்துக்கான அட்டவணையை அனுப்புவதற்கு முன், மூன்றாம் நாள் மதியத்துக்கு நேரே எழுதியிருக்கும் அந்தக் கடையை அடித்துவிடுங்கள். வீடியோவையே நீக்கச் சொல்லவில்லை, அது உங்கள் உழைப்பு. கீழே உள்ள வரைபட இணைப்பை மட்டும் நீக்கிவிடுங்கள். ஒரு நிமிட வேலை. செய்துவிட்டால் கீழே ஒரு வரி போடுங்கள், அந்த அம்மாவிடம் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
கோடி நாற்காலிக்காரன்,
நிஷி கசாய், டோக்கியோ