இத்தாலியர்கள் சிரிக்கவும் வைத்தார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் இத்தாலியப் படங்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். போருக்குப் பிந்தைய வறுமைப் படங்களைப் பற்றி நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் அந்த நாட்டு ஜனங்களை விழுந்து விழுந்து சிரிக்க வைத்த நகைச்சுவை நடிகர் டோட்டோவின் 'டோட்டோ அ கொலோரி' ('வண்ணத்தில் டோட்டோ') படத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று வருத்தப்பட்டேன்.

ஸ்டேனோ இயக்கி 1952இல் வந்த படம். இத்தாலியின் முதல் வண்ணப் படங்களில் ஒன்று. (நம் பக்கத்துச் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸிலிருந்து முதல் முழுநீள வண்ணத் தமிழ்ப் படம் வந்தது 1956இல்.) ஃபெரானியாகலர் என்ற உள்நாட்டு ஃபிலிமில் எடுத்தார்கள். அதற்கு ஏகப்பட்ட வெளிச்சம் வேண்டும். நான் பாலக்கோடு பக்கம் டூரிங் கொட்டகையில் ஆபரேட்டராக இருந்தவன். கார்பன் எரிகிற புரொஜெக்டர் பக்கத்தில் நின்றாலே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்; கருப்புக் கண்ணாடி வழியாகத்தான் சுடரைப் பார்ப்போம். டோட்டோவோ ஏற்கெனவே ஒரு கண்ணில் பார்வையை இழந்தவர். அத்தனை விளக்குகளுக்கு எதிரே வெறுங்கண்ணோடு நின்று நடித்திருக்கிறார். அந்த அவஸ்தை முகத்தில் துளியும் தெரியாது.

சரி, வண்ணம் மட்டும் என்றால் படம் என்றைக்கோ மறந்து போயிருக்கும். நின்றது ரயில் காட்சியால். படுக்கை வசதியுள்ள குறுகலான அறை; பெரிய இசைமேதையாகிவிடும் கனவோடு மிலான் கிளம்பிய ஊர்ப்புற ஆள் டோட்டோ, கூட மாட்டிக்கொண்டவர் ஒரு எம்.பி. இவர் சீண்டச் சீண்ட, அவர் பொறுமை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். எம்.பி.யாக வரும் மரியோ காஸ்தெல்லானியைக் கவனித்துப் பாருங்கள், பாதிச் சிரிப்பு அவருடைய சிடுசிடுப்பில்தான் இருக்கிறது. இருவரும் 1947லேயே மேடையில் நடித்த காட்சி இது. எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் கூட்டத்தின் சிரிப்பைப் பார்த்துப் பேச்சை வளர்ப்பதுபோல, இரவுக்கிரவு வளர்த்த காட்சி. அதனால்தான் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எங்கே முகத்தைத் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் அத்தனை கச்சிதம். என் வீட்டுக்காரிக்கு இத்தாலி மொழியும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. பேரனின் செல்போனில் பார்த்துவிட்டு, திரும்பப் போடச் சொன்னாள். அப்புறம் பொம்மலாட்ட மேடையில் டோட்டோ பொம்மையாக நின்று, கயிறு கட்டியதுபோல் கழுத்தையும் கையையும் வெட்டி வெட்டி ஆட்டும் இடம். அதற்கு எந்த மொழியும் வேண்டாம்.

இத்தாலிய சினிமா என்றாலே கண்ணீர்தான் என்று இளைஞர்கள் நினைத்துவிடக் கூடாது. அடுத்த கட்டுரையை டோட்டோவைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். தருமபுரியில் உலகப் படங்கள் திரையிடும் நண்பர்களும் இந்தப் படத்தை ஒருமுறை போட வேண்டும். ரயில் காட்சிக்காவது தமிழில் வசனம் எழுதிப் போட்டால் எங்களைப் போன்ற பெரியவர்களும் வந்து உட்காருவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சினிமா ஆபரேட்டர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.