வின்னிபெக்கில் இருக்கும் மகனுக்கு

என் ராசா,

வீடு கிடைத்துவிட்டது, வின்னிபெக்கின் வடக்குப் பக்கம் என்று நேற்று நீ சொன்னபோது நான் பேசாமல் இருந்துவிட்டேன். உனக்கு அது ஒரு மாதிரி இருந்திருக்கும். கதைத்தால் அழுதுவிடுவேன் போல இருந்தது, அதுதான் இப்போது எழுதுகிறேன்.

நாங்கள் கனடாவுக்கு, ஹமில்டனுக்கு வந்த முதல் கோடை உனக்கு நினைவிருக்காது. பின்வளவில் உடுப்பு காயப்போட்டுக்கொண்டு நின்றேன். நாலு எஞ்சின் சத்தம் தாழ்வாக வந்தது. உன்னைத் தூக்கிக்கொண்டு பேஸ்மென்டுக்கு ஓடிவிட்டேன். படிக்குக் கீழே உன்னை அணைத்துக்கொண்டு குந்தியிருந்தேன், நீ அழுதாய். ஊரில் சண்டைக் காலத்தில் குண்டு போடும் பொம்மர் வந்தால் அம்மம்மா எங்களை அப்படித்தான் பங்கருக்குள் தள்ளுவா. பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்ட பங்கர். காதைப் பொத்து, வாயைத் திறந்து வை என்று கத்துவா. பல வருடம் கழிந்தும் என் உடம்பு அதை மறக்கவில்லை.

அது நூதனசாலை விமானம், லான்காஸ்டர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தது என்று பக்கத்து வீட்டுக் கிழவி சொன்னார். உலகத்தில் இன்னும் பறக்கும் லான்காஸ்டர் இரண்டே இரண்டுதானாம். ஒன்று இங்கிலாந்தில், மற்றது இங்கே ஹமில்டன் விமான நிலையத்தில். எனக்குக் கோபம்தான் வந்தது. குண்டு போட்ட விமானத்தை ஏன் இப்படிச் சோடித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

பிறகு உன் வகுப்பை அங்கே கூட்டிக்கொண்டு போனபோது நானும் உதவிக்கு வந்தேன். அன்றுதான் அந்தப் பிள்ளையின் கதையைக் கேட்டேன். அந்த விமானத்தையே அவருடைய நினைவாகத்தான் வைத்திருக்கிறார்கள். அவர் பறந்த விமானத்தின் எழுத்துகளான VR-A-யை அதன் பக்கத்தில் தீட்டியிருக்கிறார்கள்.

ஆண்ட்ரூ மினார்ஸ்கி. 1916 அக்டோபர் 14, உன் வின்னிபெக்கில் பிறந்தவர். போலந்திலிருந்து வந்த குடும்பம். பதினாறு வயதில் தகப்பன் போய்விட்டார். குடும்பத்தைப் பார்க்க இந்தப் பிள்ளை வேலைக்குப் போனது. 1941இல் கனடிய விமானப்படையில் சேர்ந்து, 419ஆம் படைப்பிரிவில் விமானத்தின் மேல்கூண்டுத் துப்பாக்கிக்காரன் ஆனார். வால்பக்கக் கூண்டில் இருந்தவர் பட் புரோஃபி. இரண்டு பேரும் உயிர்ச் சிநேகிதர்கள். புரோஃபி அதிகாரி, மினார்ஸ்கி தரத்தில் கீழே. இரவு பிரியும்போதெல்லாம் விறைத்து நின்று சலூட் அடித்து "குட்நைட், சேர்" என்று சொல்வாராம். அது அவர்களுக்குள் ஒரு பகிடி.

1944 ஜூன் 12 இரவு. பிரான்சின் நோர்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படை இறங்கி ஆறு நாள். அங்கே கம்ப்ரே நகரத்து ரயில் தளத்தை அடிக்கப் போனார்கள். நள்ளிரவு தாண்டி, 13ஆம் திகதி பிறந்ததும், ஜெர்மன் இரவு விமானம் ஒன்று கீழிருந்து வந்து அடித்தது. இடப்பக்க எஞ்சின் இரண்டும் போய், இறக்கையும் உடலின் நடுப்பகுதியும் பற்றிக்கொண்டன. எல்லோரும் குதியுங்கள் என்று விமானி உத்தரவு கொடுத்தார்.

மினார்ஸ்கி தன் கூண்டிலிருந்து இறங்கிக் கதவடிக்கு வந்துவிட்டார். குதிக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது வால்பக்கம் திரும்பிப் பார்க்கிறார். புரோஃபியின் கூண்டு அந்த எஞ்சின்களின் விசையில்தான் திரும்பும். எஞ்சின் நின்றதும் கூண்டு பாதி திரும்பியபடி இறுகிப்போனது. கையால் சுற்றும் பிடியும் உடைந்துவிட்டது. ஆள் உள்ளே அகப்பட்டுவிட்டார்.

நெருப்புக்குள்ளால் தவழ்ந்து போயிருக்கிறார், ராசா. கோடரியால் கொத்திப் பார்த்தார். அது சரிவராமல் போக வெறுங்கையால் இழுத்தார். அதற்குள் இடுப்புக்குக் கீழே உடுப்பும் பாராசூட்டும் பற்றி எரிகின்றன. என்னை விடு, போ என்று புரோஃபி உள்ளிருந்து கையைக் காட்டினார். அப்படியும் உடனே போகவில்லை. கடைசியில், முதுகைக் காட்டாமல், நெருப்புக்கூடாகப் பின்பக்கமாகவே கதவடிக்கு வந்து, எரியும் உடம்போடு நிமிர்ந்து நின்று சலூட் அடித்தார். வாய் ஏதோ சொன்னது. சத்தம் கேட்காவிட்டாலும் அது என்னவென்று புரோஃபிக்குத் தெரியும்.

எரியும் பாராசூட்டோடு வந்து விழுந்தவரைப் பிரெஞ்சுக்காரர்கள் கண்டெடுத்தார்கள். தீக்காயத்தால் உயிர் போய்விட்டது. வயது 27. இப்போது உனக்கும் அதுதான் வயது.

விமானம் நிலத்தில் மோதியபோது வால்பகுதி பிய்ந்து புரோஃபியைத் தூக்கி வெளியே எறிந்தது. அவருக்கு உயிருக்கு ஆபத்தான காயம் ஒன்றும் இல்லை. ஏழு பேரில் ஆறு பேர் பிழைத்தார்கள். போனது அந்த ஒருவர்தான். முதல் நிமிடத்திலேயே குதித்திருந்தால் அவருக்கு நெருப்பே பிடித்திருக்காது. புரோஃபியும் எப்படியோ பிழைத்திருப்பார். அவர் செய்ததால் ஒருவரும் காப்பாற்றப்படவில்லை. இதை நினைத்து நினைத்து எத்தனையோ இரவு எனக்கு நித்திரை இல்லை. நான் அவருடைய தாயாக இருந்தால் ஏன் மகனே திரும்பிப் பார்த்தாய் என்று கேட்டிருப்பேன். அதே வாயால், திரும்பிப் பார்க்காத மகனை நான் பெற்றிருக்க மாட்டேன் என்றும் சொல்லியிருப்பேன்.

புரோஃபி உயிரோடு வந்து சொன்னதால்தான் 1946இல் மினார்ஸ்கிக்கு வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான விக்டோரியா சிலுவை கொடுத்தார்கள். அதை வாங்க அன்னா என்ற அந்தத் தாய்தான் இருந்தார். புரோஃபியும் செத்திருந்தால் இந்தக் கதை யாருக்குமே தெரிந்திருக்காது. பிரித்தானியக் குண்டுவீச்சுப் படையில் பறந்தவர்கள் ஏறக்குறைய 1,25,000 பேர், செத்தவர்கள் 55,573 பேர். அதில் கிட்டத்தட்ட 10,000 பேர் கனடியர். எத்தனை விமானங்களில் ஒருவர்கூடத் தப்பவில்லை. அவற்றுக்குள் யார் யாருக்காகத் திரும்பிப் பார்த்தார்கள் என்று சொல்ல ஆளில்லை.

நான் கீழே இருந்தவள். இந்த விமானங்கள் குண்டு போட்ட ஜெர்மன் நகரங்களான ஹம்பர்க்கிலும் டிரெஸ்டனிலும் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு நிலவறைக்குள் இருந்த தாய்மாரை என்னால் மறக்க முடியாது, நீயும் மறக்கக் கூடாது. ஆனால் பங்கருக்குள் இருந்த காலத்தில், மேலே பறப்பது வெறும் இரும்பு என்றுதான் நினைத்திருந்தேன். அதற்குள்ளும் யாரோ பெற்ற பிள்ளை இருக்கும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. குண்டு போட வந்தவரை நிலத்திலிருந்து தூக்கியதும் அந்தக் குண்டுகளுக்குக் கீழே வாழ்ந்த சனம்தான். அதை யோசித்தால்தான் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

இப்போதும் அந்தச் சத்தம் கேட்டால் உடம்பு பதறும். ஆனால் பேஸ்மென்டுக்கு ஓடுவதில்லை. வளவில் நின்று, மறையும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அவர் மெயரிகூர் என்ற பிரெஞ்சுக் கிராமத்து மயானத்தில் கிடக்கிறார். அங்கே நான் போகப்போவதில்லை. ஆனால் வின்னிபெக்கின் வடக்குப் பக்கத்தில் அவர் பெயரில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. உன் புது வீட்டிலிருந்து தூரமாக இருக்காது என்று நினைக்கிறேன். அக்டோபர் 14 அவருடைய பிறந்தநாள். அன்றைக்கு வேலை முடிந்து அந்தப் பக்கம் போய் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வா. போய்வந்ததும் எனக்கு ஒரு போன் போடு. அப்போதே குளிர் தொடங்கிவிடும், தொப்பியைப் போட்டுக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா